கோடி

2020 மார்ச் கடைசி வாரத்தில்தான் என் ஸ்கூட்டரில் முதன்முதலாக ‘பிரஸ்’ ஸ்டிக்கர் ஒட்டினேன். அதற்கு முன் பதினான்கு வருடம் பத்திரிகை வேலை பார்த்திருக்கிறேன், ஒட்டியதில்லை. கூச்சம்தான். நான் எழுதுவது சேலை, ரவிக்கைக் கழுத்து, இந்தத் தீபாவளிக்கு எந்த நிறம் எடுபடும் என்கிற மாதிரி விஷயங்கள். கோட்டைக்கும் கோர்ட்டுக்கும் ஓடுகிறவர்கள் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் அது என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். கொரோனாவுக்காக நான்கு மணி நேரத்தில் நாடு மூடியது. உள்துறை அமைச்சகத்தின் உத்தரவை மறுநாள் வரி வரியாகப் படித்தேன். ரேஷன் கடை, மளிகை, பால், காய்கறி, வங்கி, பெட்ரோல் பங்க், மருந்துக் கடை எல்லாம் திறந்திருக்கலாம். அச்சு ஊடகமும் காட்சி ஊடகமும் இயங்கலாம். ஜவுளிக் கடை இல்லை. தையல் கடை இல்லை. தறி இல்லை. பள்ளிக்கூடத்தில் ‘உணவு, உடை, உறைவிடம்’ என்று ஒப்பித்த மூன்றில் நடுவில் இருந்ததைக் காணோம். நெய்கிறவர் வீட்டில் இருக்க வேண்டும், தைக்கிறவரும் வீட்டில் இருக்க வேண்டும், அதைப் பற்றி எழுதுகிற நான் மட்டும் அத்தியாவசியம். இந்த வேடிக்கையை அம்மாவிடம் சொன்னேன். “அப்போ நீயே போய்ப் பால் வாங்கிட்டு வா” என்றாள்.

வரப்போவது எங்கள் தொழிலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருந்தது. பிப்ரவரி 23 அன்று மிலன் ஃபேஷன் வாரத்தில் அர்மானி, பார்வையாளர் யாரையும் உள்ளே விடாமல் காலி அரங்கில் மாடல்களை நடக்கவிட்டார். அதை நான் என் சமையலறையில் ஃபோனில் பார்த்தேன். காலி நாற்காலிகளை ஒரு வித்தையாக, ஒரு பாணியாக ரசித்தேன் என்பதை இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. ஏப்ரலில் வோக் இத்தாலியா தன் அட்டையை வெறும் வெள்ளையாக அச்சிட்டது. அதையும் ரசித்தேன். அட்டை வெள்ளையானதை ரசித்துக்கொண்டிருந்தபோதே எங்கள் பத்திரிகையின் பக்கங்களும் வெளுக்க ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமை இணைப்பு என்பதே தி.நகர் ஜவுளிக் கடை விளம்பரங்களின் மேல் கட்டிய வீடுதான். ரங்கநாதன் தெருவில் நாய் படுத்துக்கிடந்தால் எனக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? ஏப்ரல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரவில்லை. புகைப்படக்காரர்கள் இருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏற்கெனவே எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம் என்பதால் அதைச் சொல்ல ஒரு ஃபோன் அழைப்பே போதுமானதாக இருந்தது.

ஆசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. ‘வீட்டிலிருந்து வேலை: என்ன உடுத்தலாம்?’ எழுதிக் கொடுத்தேன். வெளிர் நிறக் காட்டன் குர்தா, காலர் வைத்த லினன் சட்டை. நெருக்கமாகக் கோடு போட்ட துணி வேண்டாம், கேமராவில் அலையடிக்கும். இதை எழுதியபோது நான் போட்டிருந்தது பூப்போட்ட நைட்டி. தமிழ்நாட்டின் நிஜமான ஊரடங்கு உடை அதுதான். யாராவது கதவைத் தட்டினால் மேலே போர்த்திக்கொள்ள ஒரு துப்பட்டா, அது கைக்குக் கிடைக்காவிட்டால் குளியல் துண்டு. எதிர் பால்கனியில் ஒரு ஐடி பையன் இஸ்திரி போட்ட நீலச் சட்டையும் கட்டம் போட்ட கைலியுமாக ஆங்கிலத்தில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருப்பான். எங்கள் ஊர்ப் பெண்கள் விழித்திருக்கும் நேரத்தில் பாதியை நைட்டியில் கழிக்கிறார்கள். அதைப் பற்றிப் பதினான்கு வருடத்தில் நான் ஒரு வரி எழுதியதில்லை. விளம்பரம் தராத உடை என் கண்ணில் பட்டதே இல்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 14 அன்று ஊரடங்கை நீட்டிக்கப் பிரதமர் திரையில் வந்தபோது முகத்தில் ஒரு பருத்தித் துண்டைச் சுற்றியிருந்தார். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. துண்டால் அரசியல் பேசுவது நமக்குப் பழைய கலை. கருணாநிதியின் மஞ்சள், வைகோவின் கறுப்பு. பெரிய மனிதர் எதிரே வந்தால் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்க வேண்டும் என்று சாதி பார்த்துச் சட்டம் வைத்திருந்த ஊர்கள்தானே இவை. அடுத்த வருடம் 2021 ஏப்ரல் 6 அன்று நடிகர் விஜய் சைக்கிளில் போய் வாக்களித்தபோது, அவர் போட்டிருந்த முகக்கவசத்தையும் சைக்கிளின் கறுப்பு, சிவப்பையும் வைத்து மாநிலமே நாள் முழுக்கப் பொருள் சொன்னது. அன்று எனக்குத் தொழில்முறையில் கொஞ்சம் பொறாமை. நிறத்துக்கு இவ்வளவு உரை எழுதத் தெரிந்த ஊரில் என் பக்கத்தை ஏன் யாரும் படிக்கவில்லை?

முகக்கவசம் என்றதும் எங்கள் தெருமுனை டெய்லர் பாய் நினைவுக்கு வருகிறார். ஏப்ரல் நடுவில் சென்னையில் முகக்கவசம் கட்டாயமானது. பாய் அரை ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து டூ பை டூ ரவிக்கைத் துணியில் மூன்று மடிப்பு வைத்துத் தைத்தார். நான்கு நாளில் எலாஸ்டிக் தீர்ந்துபோயிற்று. சௌகார்பேட்டை மூடிக்கிடந்தது, வாங்க வழியில்லை. பாவாடை நாடாவை வெட்டி நான்கு மூலையிலும் வைத்தார். “காது வலிக்காதும்மா, பின்னால முடிஞ்சுக்கோ. எலாஸ்டிக்கவிட இது நல்லது” என்று விற்றார். உண்மைதான், நல்லதுதான். நான் பத்து வாங்கி எங்கள் குடியிருப்பில் கொடுத்தேன்.

டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாத் என்கிற முஸ்லிம் அமைப்பு நடத்திய மாநாட்டிலிருந்து கொரோனா பரவியது என்ற செய்தி ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மாலைதோறும் எண்ணிக்கை அறிவிக்கும்போது அந்த மாநாட்டுக்குப் போய்வந்தவர்களைத் தனிக் கணக்காகச் சொன்னார்கள், பிறகு ‘சிங்கிள் சோர்ஸ்’ என்று பெயரை மட்டும் மாற்றினார்கள். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ‘அந்தக் கடை மாஸ்க்கை யாரும் போட வேண்டாம், காரணம் எல்லோருக்கும் தெரியும்’ என்று போட்டார். கீழே ஏழெட்டுக் கட்டைவிரல். நான் பதில் தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். வாடகைக்கு இருக்கிறவள், அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறவரே அந்தக் கட்டைவிரல்களில் ஒருவர் என்று யோசித்தேன். மறுநாள் மதியம்தான், ‘நான் அதைத்தான் போட்டிருக்கிறேன்’ என்று ஒரு வரி போட்டேன். ஒரு முழு நாள் தாமதம். ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று சொல்லி வழக்குகளை ரத்து செய்தது. தீர்ப்பைக் குழுவில் யாரும் பகிரவில்லை. நானும்தான்.

ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஃபோன் கடை வைத்திருந்த ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்று சொல்லிப் போலீஸ் பிடித்துப் போனது. 22, 23 தேதிகளில் இருவரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு பாய் கால் மணி நேரம் முன்னதாகவே ஷட்டரை இறக்கிவிடுவார். கேட்டதற்கு, “என் கடிகாரம் கொஞ்சம் ஃபாஸ்டா ஓடுதும்மா” என்றார்.

திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கும் ஓர் அண்ணாவை எனக்குப் பல வருடமாகத் தெரியும். நாற்பது மெஷின், ஓவர்லாக்கும் சிங்கரும் கலந்து. வழக்கமாக நான்தான் அவரைக் கூப்பிடுவேன், ஏதாவது விளக்கம் கேட்க. அந்த ஏப்ரலில் அவரே கூப்பிட்டார்.

“அம்மணி, இங்கிலீசுல ஒரு மெயில் வந்திருக்குதுங்க. எக்ஸ்போர்ட்டர் அனுப்பி வெச்சாரு. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க.”

‘நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்’ என்று தொடங்கியது அந்தக் கடிதம். இரண்டாவது பத்தியில், எதிர்பாராத இயற்கைச் சூழல் காரணமாக ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்படி ஆர்டர் ரத்து. படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. குழந்தைகள் டி-ஷர்ட் பதினெட்டாயிரம் பீஸ், செக்கிங், அயர்னிங் எல்லாம் முடிந்து பெட்டியில். கழுத்தில் பிராண்ட் லேபிள், கூடவே யூரோவில் விலைச் சீட்டு. மற்ற நாளாக இருந்தால் லேபிளைக் கிழித்துக் காதர்பேட்டையில் கிடைத்த விலைக்குத் தள்ளலாம். காதர்பேட்டையும் பூட்டிக்கிடந்தது.

இந்தத் தொழிலின் கணக்கு எனக்குத் தெரியாதது இல்லை. நூல், நிட்டிங், டையிங், கூலி எல்லாம் இங்கே முன்னதாகவே போய்விடும். சரக்குக் கப்பல் ஏறி இரண்டு, மூன்று மாதம் கழித்து அங்கிருந்து பணம் வரும். அதாவது உலகத்தின் பெரிய பிராண்டுகளுக்குத் திருப்பூரும் டாக்காவும்தான் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தன. பங்களாதேஷில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்திவைக்கப்பட்டன என்று அங்குள்ள ஏற்றுமதியாளர் சங்கம் கணக்குச் சொன்னது. ‘பே அப்’ என்று இணையத்தில் ஒரு கூச்சல் கிளம்பி, சில பிராண்டுகள் தைத்த சரக்குக்காவது பணம் தருகிறோம் என்று இறங்கிவந்தன. அண்ணாவின் பெட்டிகள் அந்தச் சிலவற்றில் சேரவில்லை. அந்த பிராண்டின் ‘பூமியை நேசிக்கும்’ பருத்தி வரிசையைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் நான் அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன்.

மே மாதம் மறுபடி பேசினார். பாதுகாப்பு உடை தைக்கிறாராம், டாக்டர்கள் தலை முதல் கால் வரை போடுவார்களே, அது. கொல்கத்தாவில் டாக்டர்களுக்கு ரெயின்கோட் கொடுத்த செய்தி வந்த கொஞ்ச நாளில் திருப்பூரும் கோவையும் அதற்கு மாறியிருந்தன. துணியைக் கோவையில் சிட்ரா என்கிற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பி, செயற்கை ரத்தத்தைப் பீய்ச்சியடித்துச் சோதித்து வாங்க வேண்டும்.

“துணியே இல்லைங்க அம்மணி, கட்டப்பை தைக்கற மாதிரி இருக்குது. காத்தே போகாது. அதுல ஊசி குத்துனா ஓட்டை விழுமுங்களே, அந்த ஓட்டை வழியா ரத்தம் போயிரக் கூடாது. அதனால தையல் மேல சூடு வெச்சு டேப் ஒட்டறோம். முப்பது வருசமா தையல் வெளிய தெரியோணும், அழகா தெரியோணும்னு பார்த்தேன். இப்ப தையல மூடறதுதான் வேலையே.”

தைக்க ஆள்? ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் பாதிப் பேர் ரயிலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இருந்தால் இரட்டைக் கூலி என்றாராம். “அம்மா அழுவுதுன்னு சொல்றான். நான் என்னத்தச் சொல்லட்டும்?” சிறப்பு ரயிலில் அனுப்பிவைத்துவிட்டு வந்தாராம். அவர்கள் போன பிறகு ஹாஸ்டலைக் கூட்டப் போனவர், கொடியில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு டி-ஷர்ட்டைப் பார்த்திருக்கிறார். அதில் ஏதாவது ஆங்கில வாசகம் இருந்ததா என்று நான் கேட்டேன். பத்திரிகைக்காரியின் புத்தி. “பாக்கலீங்க” என்றார்.

இதற்கு நடுவே, ஏப்ரலில், அட்சய திருதியைக்கு முந்தின வாரம் பெரியம்மா இறந்துபோனார். கொரோனா இல்லை, இதயம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீடு. பெரியப்பா நெசவாளி. கூடத்திலேயே தறி, கால் வைக்கக் குழி, குழிக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போனால் அந்தச் சத்தத்தில்தான் தூங்குவோம். கோர்வைப் பட்டு என்றால் கரைக்குத் தனி நாடா (ஊடு நூலை ஓட்டும் கட்டை), அதைத் தள்ளக் கூட ஒரு ஆள் உட்கார வேண்டும். நாற்பது வருடம் அந்த ஆள் பெரியம்மா. கையெழுத்துப் போடத் தெரியாத அவர் கரையும் உடலும் பிசிறில்லாமல் கோர்க்கத் தெரிந்தவர். காஞ்சிப் பட்டு பற்றிப் பத்துக் கட்டுரையாவது எழுதியிருப்பேன். ஒன்றிலும் அவர் இல்லை. சொந்தக்காரர்களைப் பற்றி எழுதக் கூடாது என்று ஒரு நியாயம் வைத்திருந்தேன். உண்மையான காரணம், அவருடைய நைட்டியும் தேய்ந்த வளையலும் பக்கத்தின் அழகுக்குப் பொருந்தாது என்பதாக இருக்கலாம்.

சேலத்திலிருந்து மாமா ஃபோனில் அழுதார். அவருக்குப் பாஸ் கிடைக்கவில்லை. “பொறந்த வீட்டுக் கோடி இல்லாம அக்காவ அனுப்பக் கூடாதும்மா. நீங்க ஒண்ணு வாங்கிட்டுப் போயிடுங்க.”

எங்கே வாங்குவது? கோடி என்றால் மடிப்புக் கலையாத புதுச் சேலை. சென்னையில் ஒரு கடை இல்லை. காஞ்சிபுரத்திலோ காந்தி ரோடு நெடுகப் பட்டு மாளிகைகள், எல்லாம் பூட்டு. பெரியப்பா வீட்டுத் தறியிலேயே ஒரு சேலை முக்கால் நெய்தபடி நின்றது. ஆனால் அந்தப் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தவை. கூலிதான் இவர்களுடையது. ஆயிரக்கணக்கில் பட்டுச் சேலை நெய்த கை, அந்தக் கைக்குப் போர்த்த அந்த வீட்டில் ஒரு புதுச் சேலை கிடையாது.

என் அலமாரியில் இருந்தது. ஒரு கடை, புது வரிசை வெளியிட்டபோது எழுதச் சொல்லி அனுப்பிய சேலை, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. கடைப் பெட்டியிலேயே கிடந்தது. வாங்கியிருக்கக் கூடாது, திருப்பி அனுப்பவும் இல்லை. பெட்டியோடு எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் காரில் அம்மாவும் நானும் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் மறித்தார்கள். பாஸைப் பார்த்துவிட்டு, என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் அந்தக் காவலர் பார்த்தார்.

“பிரஸ்ஸா? என்ன எழுதுவீங்க?”

“துணிமணி பத்தி சார்.”

அவர் சிரிக்கவில்லை. மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். “கோடியா?” என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். தடுப்பை நகர்த்தச் சொன்னார்.

இருபது பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவு. பதினோரு பேர் இருந்தோம். சேலையைப் பிரித்து அம்மா பெரியம்மாவின் மேல் போர்த்தினாள். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, பெரியப்பா குனிந்து முந்தியைக் கையில் எடுத்தார். பெருவிரலால் கரை சேரும் இடத்தைத் தடவினார். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“இது கோர்வை இல்ல” என்றார் என்னிடம், மெதுவாக. “பவர்லூம்.”

அந்தக் கடையின் கையேட்டில் ‘கைத்தறி’ என்று இருந்தது. அதை அப்படியே நானும் எழுதியிருந்தேன், அச்சாகியும் விட்டது. பெரியப்பா முந்தியை மறுபடி நேராக மடித்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

வரும் வழியில் அம்மா எதுவும் பேசவில்லை. சுங்குவார்சத்திரம் தாண்டியதும், “அவளுக்கு மஞ்சள் பிடிக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

மே 7 அன்று சென்னைக்கு வெளியே டாஸ்மாக் கடைகள் திறந்தன. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொல்ல, ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதிக்க, மே 16 மறுபடி வரிசை. பெரிய ஜவுளிக் கடைகளுக்கு அப்போதும் அனுமதி இல்லை. குடியைப் பற்றிப் பிரசங்கம் செய்ய நான் ஆளில்லை. வருடத்துக்கு 30,000 கோடிக்கு மேல் அரசுக்குக் கொண்டுவருகிற கடைக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாட ஆள் இருக்கும், பிள்ளையார்பாளையத்துத் தறிக்கு இருக்காது. ‘அத்தியாவசியம்’ என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் போட்டிருந்தாலும், நடைமுறையில் அதுதான் பொருள்.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 1905-இல் அதே தேதியில் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாக 2015-இல் சென்னையில்தான் பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். நானும் போயிருந்தேன், மேடையில் இருந்தவர்களின் உடை பற்றிப் பெட்டிச் செய்தி எழுதினேன். 2020-இல் அந்த நாளுக்குப் பதினொரு நாள் முன்பு, ஜூலை 27 அன்று, அனைத்திந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைப்பதாக ஜவுளி அமைச்சகம் அறிவித்தது. அந்த வாரியத்துக்குப் பெரிய அதிகாரம் ஒன்றும் கிடையாது, ஆலோசனை சொல்லும் அமைப்புதான். இருந்தாலும் டெல்லியில் நெசவாளிக்கு ஒரு நாற்காலி என்று சொல்லிக்கொள்ள அது இருந்தது. நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்று அரசின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பே சொல்லியிருந்த நேரம் அது. ஆகஸ்ட் 7 அன்று அமைச்சர்களும் நடிகைகளும் கைத்தறிச் சேலையில் செல்ஃபி எடுத்துப் போட்டார்கள். வாரியம் கலைந்ததைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது மூன்றரைப் பத்தி. எங்கள் பக்கத்தில் வந்தது ஒன்பது நடிகைகளின் படமும் மூன்று வரியும்.

அன்று காலை அலுவலகத்திலிருந்து, ஒரு நெசவாளி தறியில் உட்கார்ந்திருக்கும் படம் உடனே வேண்டும் என்றார்கள். பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

“படத்துக்கென்ன, பக்கத்து வீட்டுப் பையன எடுக்கச் சொல்றேன். ஆனா தறியில பாவு நூலே இல்லையே பாப்பா. அந்தச் சேலைய அறுத்துக் குடுத்ததோட சரி, முதலாளி அடுத்த பாவு குடுக்கல. வெறும் தறிய எடுத்தா குழிதான் தெரியும்.”

“பரவாயில்ல பெரியப்பா, வேற எங்கயாவது கேட்டுக்கறேன்.”

“தங்கம் இன்னிக்கு நாப்பத்தி மூணாயிரத்தத் தாண்டிடுச்சாமே?”

“ஆமா.”

“அப்போ ஜரிகையும் ஏறும்” என்றார். பிறகு, அங்கே மழை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். இங்கே நேற்று ராத்திரி நல்ல மழை, குழிக்குள் தண்ணீர் வந்துவிட்டது, காலையிலிருந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்றார்.